பதில் சொன்னவள்

ஆட்டுத் தலையை நெருப்பில் வாட்டுகிற வாசம் வந்தது. மயிர் பொசுங்கி, தோல் கருகி, அதற்கு அடியில் கொழுப்பு மெல்ல உருகத் தொடங்கும்போது வருமே, அந்த வாசம். விருந்தாளி வரும் வீட்டின் முற்றத்தில் வந்திருந்தால் வாயில் எச்சில் ஊறியிருக்கும். ஆனால் வந்தது ஜன்னல் இல்லாத ஒரு நிலவறையில், டியூப் லைட்டின் வெளிச்சத்தில், டொர்தோய் சந்தைக்குப் போகிற சட்டைகளை விடிந்ததிலிருந்து தைத்துக்கொண்டிருக்கும் பெண்களின் நடுவில்.

"யாரு தலை வாட்டறது?" என்று கேட்டாள் பெரிசாத்.

பக்கத்து மிஷினில் இருந்த நாஸ்கூல் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "எனக்குக் கரிப்புகைதான் வருது. பிஷ்கெக் ஊரே கரிப்புகையில கெடக்கு, உனக்கு மட்டும் கறி விருந்தா? குடுத்து வச்சவ."

பெரிசாத் சிரித்துக்கொண்டே ஒரு காலரை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள். அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே எழும்பியது. லிப்ட் சட்டென்று இறங்கும்போது எழும்புகிற மாதிரி. இதே காலர், இதே ஊசி, நாஸ்கூலின் இதே கிண்டல், எல்லாமே ஏற்கெனவே ஒரு முறை நடந்து முடிந்ததாகத் தோன்றியது. அடுத்து என்ன வரும் என்பதும் நாக்கு நுனியில் நின்றது.

அடுத்து அவள் பார்த்தபோது மிஷின் ஓரத்தில் இருந்த டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது.

இடது கூடையில் குவிந்திருந்த காலர்கள் அங்கே இல்லை. வலது கூடையில் இருந்தன. தைத்து, முனை திருப்பி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அவள் தைக்கும் காலருக்கு இடது முனை எப்போதும் கொஞ்சம் மழுங்கிப் போகும், அதற்காக மேற்பார்வைக்காரியிடம் வாங்காத திட்டில்லை. இதில் இரண்டு முனையும் கத்தி போல் நின்றன.

"நல்லாப் பாடற பெரிசாத்" என்றாள் நாஸ்கூல். "இத்தன வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

"நான் பாடினேனா?"

"பின்ன மிஷினா பாடிச்சு? மேற்பார்வைக்காரியே கதவுகிட்ட நின்னு கேட்டுட்டுப் போனா. உன்னை ஒரு வார்த்தை வையல பாத்தியா."

பெரிசாத் பாடுகிறவள் இல்லை. சொந்தக் கல்யாணத்திலேயே, எல்லோரும் கெஞ்சியும், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.

அதற்குப் பிறகு அந்த வாசம் அடிக்கடி வந்தது. பஸ்ஸில் வந்தது. குழாயடியில் பாத்திரம் கழுவும்போது வந்தது. ஒவ்வொரு முறையும் அதே வரிசை: வாசம், வயிறு எழும்புவது, எல்லாம் முன்பே நடந்த உணர்வு, பிறகு ஒரு வெட்டு. வெட்டுக்கு இந்தப் பக்கம் அவள் கரண்டியோடு நிற்பாள், அந்தப் பக்கம் குழம்பு இறக்கி வைத்திருக்கும். உப்பு சரியாக இருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. கணவன் சோவெத்பெக் விடியற்காலையில் மினிபஸ்ஸை எடுத்துக்கொண்டு போனால் இருட்டித்தான் வருவான். மகள் பெர்மெத் கல்லூரிக்குப் போகிறவள், வீட்டில் இருந்தால் காதில் பாட்டு. குளிர்காலம் முழுக்கத் தங்குவதற்காக நாரின் ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சாதாத்திடம் சொல்ல முடியாது. அவள் தும்மினாலே அர்த்தம் பார்க்கிறவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், பெரிசாத் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடித் திறந்தாள். மேஜையைச் சுற்றி யாரும் சாப்பிடவில்லை. சோவெத்பெக்கின் கையில் தேநீர்க் கிண்ணம் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பெர்மெத் காதிலிருந்து இயர்போனைக் கழற்றியிருந்தாள். சாதாத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்னாச்சு?" என்றாள் பெரிசாத்.

பெர்மெத்தான் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, நீ தாத்தா பேரைச் சொன்ன."

"நானா?"

"காசிமாலியோட நாற்காலியை ஏன் பரண்ல போட்டு வச்சிருக்கீங்க, எறக்கித் தொடைச்சு வைங்கன்னு சொன்ன. அப்பாவைப் பாத்து."

பெரிசாத்துக்குக் காது சூடேறியது. மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து மாமனாரின் பெயர் அவள் வாயில் வந்தது கிடையாது. அவர் செத்த பிறகும் வந்தது கிடையாது. கீழ் மாடியில் அதே பெயருள்ள பொடியனைக்கூட அவள் 'ஏ குட்டி' என்றுதான் கூப்பிடுவாள்.

"நான் சொல்லல" என்றாள்.

"நீ சொல்லல. அதான் நானும் சொல்றேன்" என்றாள் சாதாத். குரல் நடுங்கினாலும் கண்ணில் ஒரு பளபளப்பு. "எங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்த வீட்டுல யாருக்குத் துணிச்சல் வரும்? அவருக்கும் மூத்தவங்களுக்குத்தான் வரும். தம்பி, பெரியவங்க யாரோ உன் பொண்டாட்டி மேல எறங்கியிருக்காங்க. குறி சொல்ல இவளைக் கூப்பிடறாங்க."

"அக்கா, சும்மா இரு" என்றான் சோவெத்பெக்.

"சும்மா இருந்துதான் எங்க பெரியம்மா போய்ச் சேந்தா. கூப்பிட்டப்போ மாட்டேன்னா. மூணாம் மாசம் மண்ணு."

மறுநாளே நாற்காலி பரணிலிருந்து இறங்கியது. அதற்கு அடுத்த நாள் சாதாத் ஜூனிப்பர்த் தழையைத் தட்டில் போட்டுக் கொளுத்தி, அறை அறையாகப் புகை காட்டினாள். அந்த வாரக் கடைசியில் நாரின் பக்கத்துப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். தேயிலைப் பொட்டலமும் துணியுமாக வந்து, சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்து, பெரிசாத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைந்த மாடு, வராத மகன், ஆறாத புண் என்று ஆளுக்கு ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். அவளிடம் கேட்பதற்கு இல்லை. அவள் போன பிறகு வருகிறவளிடம் கேட்பதற்கு.

"நீ பனியில எறங்கி எங்கயாவது போயிட்டா என்ன பண்றது" என்று சொல்லி வீட்டுச் சாவியை சாதாத் தன் பாவாடைக்குள் செருகிக்கொண்டாள். தையல் பட்டறைக்கும், பெரிசாத் வரமாட்டாள் என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள். நான்காவது மாடி. பூட்டிய இரும்புக் கதவு. புகை. சுவரோரமாக, பொறுமையாக, கண்கள்.

ஒரு மாலை பெர்மெத் அம்மாவைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைத் தாழிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் செல்போனை நீட்டினாள்.

"நேத்து எடுத்தேம்மா. நீயே பாரு."

படத்தில் பெரிசாத் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு நடுவில் நின்றது. வாய் எதையோ மென்றது, வாயில் ஒன்றும் இல்லை. விரல்கள் சட்டை ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி விட்டன. கண்கள் கண்ணாடிக் குண்டு மாதிரி நின்றன. பார்க்க அசிங்கமாக இருந்தது, ஆனால் பயமாக இல்லை. பயம் அதற்குப் பிறகு வந்தது. மெல்லுவது நின்றது. விரல்கள் நின்றன. முகம் துடைத்த கண்ணாடியைப் போலத் தெளிந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, மகளைப் பார்த்துப் புன்னகை செய்தாள். பெரிசாத் தன் முகத்தில் ஒருநாளும் பார்த்திராத புன்னகை.

"அந்தப் பையன் போன் பண்ணானா?" என்று படத்தில் இருந்தவள் கேட்டாள்.

பெரிசாத் மகளை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தப் பையன்?"

பெர்மெத் தலையைக் குனிந்துகொண்டாள். "அவகிட்டதாம்மா சொன்னேன். அவ நீதான்னு நெனச்சேன். நீ எப்பவும் திட்டுவ. அவ திட்டல."

படத்தில் இருந்தவள் இப்போது நேராக செல்போனைப் பார்த்தாள். குரல் இதமாக இருந்தது, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரல்.

"இதை அவகிட்டக் காட்டாத கண்ணு. பயந்துக்குவா."

அன்று இரவே சோவெத்பெக் அதைப் பார்த்தான். மறுநாள் காலை அக்காவின் பாவாடையிலிருந்து சாவியை வாங்கினான். சாதாத் வாசற்படியில் குறுக்கே நின்று சாபமும் கண்ணீருமாகக் கத்தியதை நான்கு மாடியும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷின் நிலவறையில்தான் இருந்தது. பெரிசாத்தைப் படுக்க வைத்து, காதில் பஞ்சு அடைத்து, முகத்துக்கு மேல் ஒரு கூண்டை மாட்டி, கையில் ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்தார்கள். பயமாக இருந்தால் அழுத்த வேண்டும், உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். படுக்கை குழாய்க்குள் நகர்ந்தது. மூக்குக்கு ஒரு சாண் மேலே கூரை. இருபுறமும் தோளை உரசும் சுவர். பிறகு சத்தம் தொடங்கியது, தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போல, அது நின்றால் பொறியில் சிக்கிய வண்டு போல ஒரு ரீங்காரம். நரம்பில் ஊசி போட்டு மருந்து ஏற்றிய இடத்திலிருந்து குளிர் ஒன்று தோள்வரை ஏறியது. அப்போது வாசம் வந்தது.

அழுத்தினாள். விரல்கள் மடங்கவில்லை.

மறுபடியும் அழுத்தினாள். பந்து கையில் இருந்தது. கை அவளிடம் இல்லை.

"இவ்வளவு அசையாம யாருமே படுத்ததில்ல" என்று மிஷின்காரன் பிறகு பாராட்டினான். "நடுவுல ஏதோ முனகிப் பாடினீங்க. நல்லா இருந்துச்சு."

டாக்டர் பாக் கணவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை, வீட்டாரிடம்தான் சொல்வது. வெளியே வந்த சோவெத்பெக் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ரத்த அழுத்தம்தானாம். கொஞ்சம் நரம்பும்" என்றான். கண் சிவந்திருந்தது.

பெரிசாத் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"எனக்குச் சொல்லுங்க டாக்டர். செத்துப்போன பெரியவங்களா, நோயா? எதுன்னு மட்டும் சொல்லுங்க."

டாக்டர் பாக் கொரிய முகமும் சுத்தமான கிர்கிஸ் பேச்சும் உள்ள அம்மாள், ஐம்பது வயது இருக்கும். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிற மூளை. இடது பொட்டுக்கு உள்ளே, வாதுமைக் கொட்டை அளவில், வெள்ளையாக ஒன்று.

"கட்டி" என்றார். "கை கால் இழுத்தாத்தான் வலிப்புன்னு இல்ல. இந்த இடத்துல கட்டி வந்தா இப்படித்தான் வரும். இல்லாத வாசம், எல்லாம் முன்னாடியே நடந்த மாதிரி இருக்கிறது, நினைவு தப்பறது. எல்லாத்தையும் கிளப்பி விடறது இதுதான். பெரியவங்க யாரும் இறங்கல."

பெரிசாத் அழுதாள். பயத்தில் இல்லை. அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஓர் அளவு இருந்தது, விரலால் தொட்டுக் காட்ட ஓர் இடம் இருந்தது. அதனால் அழுதாள்.

"வலிப்புல பேசுவாங்களா டாக்டர்?" என்று கேட்டாள் அவள் பின்னாலேயே உள்ளே வந்திருந்த பெர்மெத். செல்போனை நீட்டினாள். "இப்படித் தெளிவா?"

டாக்டர் பாக் படத்தைப் பார்த்தார். இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிகிச்சையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

வலிப்புக்கு மாத்திரை. மூளை வீக்கத்துக்கு மாத்திரை. பிறகு அறுவை சிகிச்சை. கட்டி எந்த ரகம் என்று எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். பேச்சுக்கான இடம் அதை ஒட்டியே இருப்பதால், மண்டையைத் திறந்த பிறகு அவளை எழுப்பிவிடுவார்கள்.

"மூளைக்கு வலி தெரியாது. நீங்க முழிச்சிருந்து பேசிக்கிட்டே இருக்கணும். நாங்க படம் காட்டுவோம், நீங்க பேர் சொல்லணும். நீங்க பேசற எடத்தை நாங்க தொட மாட்டோம். பேச்சு இல்லாத எடத்தைத்தான் வெட்டுவோம்."

பெரிசாத்தின் கண்ணீர் நின்றது. "பேசறது நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் சிரித்தார். "வேற யாரும்மா பேசப்போறாங்க?"

மாத்திரைகள் வேலை செய்தன. வாசம் வரவே இல்லை. வெட்டுகள் நின்றன. சுவரோரப் பெண்கள் ஏமாந்து நாரினுக்குத் திரும்பினார்கள். பெரிசாத் காலையில் எழுந்து ரொட்டி சுட்டாள், அடிப்பக்கம் கருகியது, தானே சுட்டு தானே கருக்கிய ரொட்டி என்று மகிழ்ச்சியாகத் தின்றாள். இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் கணவனைச் சமையலறையில் பிடித்து நிறுத்தினாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், கேலி பண்ணக் கூடாது. நான் உங்கப்பா பேரை என்னைக்கும் சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். தெரியுமில்ல?"

"தெரியும்."

"என் வாய் அந்தப் பேரைச் சொன்னா அது நான் இல்ல. டாக்டர்கிட்டச் சொல்லிருங்க. அந்தப் பேர் வந்தா கத்தியை நிறுத்தச் சொல்லுங்க."

சோவெத்பெக் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "சொல்றேம்மா."

"அவளை உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

கேள்வி எப்படி வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் இல்லை என்று சொன்னான். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான்.

கண் விழித்தபோது தலையை அசைக்க முடியவில்லை. மூன்று பக்கம் திருகாணி போட்ட ஒரு வளையம் மண்டையை மேஜையோடு பிடித்து வைத்திருந்தது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கூடாரம் மாதிரி தொங்கியது. துணிக்கு அந்தப் பக்கம், அவள் பார்க்க முடியாத இடத்தில், அவள் மண்டை திறந்திருந்தது. காற்று உறிஞ்சுகிற குழாய் ஒன்று ஸ்ஸ் என்று விடாமல் சத்தம் போட்டது. வலியில்லை. உலோகங்கள் தட்டில் விழும் ஒலி மட்டும் எலும்புக்குள் கேட்டது.

கூடாரத்துக்குள் சினாரா என்கிற இளம்பெண் உட்கார்ந்து திரையைக் காட்டினாள். "பயப்படாதீங்கக்கா. இது என்ன?"

"குதிரை."

"இது?"

"சாவி."

"இது?"

"கிண்..." வாய் நின்றது. சொல் தெரிந்தது, நாக்கு வரவில்லை.

"நிறுத்தியாச்சு" என்றது பின்னாலிருந்து டாக்டர் பாக்கின் குரல். "இந்த எடம் பேச்சு. இதைத் தொடாதீங்க. மறுபடி கேளு."

"கிண்ணம்" என்றாள் பெரிசாத். பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தாள். இவர்களுக்கு வேலை தெரிகிறது. நான் பேசப் பேச என்னை விட்டுவிட்டு மற்றதை எடுப்பார்கள். பேசிக்கொண்டே இருந்தால் போதும். ரொட்டி. ஏணி. கத்தரிக்கோல். ஒட்டகம்.

அப்போது ஆட்டுத் தலை வாட்டுகிற வாசம் வந்தது.

"வருது" என்று சொல்ல முயன்றாள். "டாக்டர், அவ வ..."

"வலிப்பு. குளிர்ந்த தண்ணி ஊத்துங்க" என்றார் டாக்டர் பாக். எங்கோ உள்ளே, தலைக்கு நடுவில், பனி உருகி ஓடுவது போல ஒரு குளிர். வாய் மென்றது. விரல்கள் துணியைக் கிள்ளின. வயிறு எழும்பியது. இப்போது வெட்டு வரும் என்று அவள் காத்திருந்தாள்.

வெட்டு வரவில்லை.

எல்லாம் தெரிந்தது. எல்லாம் கேட்டது. கூடாரம் இருந்தது, சினாரா இருந்தாள். ஆனால் சற்றுத் தொலைவில். கிணற்றின் அடியிலிருந்து பார்ப்பது போல.

"அடங்கிடுச்சு" என்றது ஒரு குரல்.

"அக்கா, கேக்குதா? இது என்ன?"

"கடிகாரம்" என்றது அவள் வாய்.

அவள் சொல்லவில்லை.

"இது?"

"குடை." தெளிவாக. இதமாக. "நீ ரொம்பப் பொறுமையா கேக்கற கண்ணு."

பெரிசாத் கத்தினாள். எதுவும் அசையவில்லை. உதடு அவளுடையது இல்லை. மூச்சு அவளுடையது இல்லை.

"முன்னைவிட நல்லாப் பேசறாங்க டாக்டர்."

"பேச விடு. சொந்தக் கேள்வி கேளு."

"உங்க பேரு?"

"பெரிசாத்."

"புருஷன் பேரு?"

"சோவெத்பெக்."

"மாமனார் பேரு?"

அந்தப் பேரைச் சொல்லிவிடு. சொல்லு, சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

"காசிமாலி."

பெரிசாத் காத்திருந்தாள். வீட்டுக்காரர் டாக்டரிடம் சொல்லியிருப்பார். கட்டாயம் சொல்லியிருப்பார். இப்போது நிறுத்துவார்கள்.

"வீட்டுக்காரர் சொன்னாரே, அந்தப் பேர்" என்றாள் சினாரா துணிக்கு மேலே பார்த்து.

"ஆமா. வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னார்." டாக்டர் பாக்கின் குரலில் ஒரு சிரிப்பு. "கட்டி கூச்சத்தையும் கொண்டுபோயிடும். பதில் சரியா தப்பா?"

"சரிதான் டாக்டர்."

"அப்ப பேச்சு பத்திரமா இருக்கு. இந்தப் பக்கம் எடுத்துடலாம்."

ஸ்ஸ்.

பெர்மெத் பிறந்த காலையில் ஜன்னலில் பனி. பனி எப்படி இருந்தது. போய்விட்டது.

ஸ்ஸ்.

அம்மாவின் குரல்.

ஸ்ஸ்.

கருகிய ரொட்டி. அதன்...

"பேசிக்கிட்டே இருங்கக்கா. இது?"

"ஆப்பிள்" என்றது வாய். "எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிக்கும்."

வார்டில் எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். எழுந்து உட்கார்ந்தாள், சூப் குடித்தாள், பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை வாரிவிட்டாள். அவளாகவே சாதாத்தைக் கூப்பிட்டனுப்பி, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். பெர்மெத் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து யாரும் சிரித்திராத தன் மினிபஸ் கதையை சோவெத்பெக் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"காசிமாலி இருந்திருந்தா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு" என்றாள்.

சோவெத்பெக்கின் முகத்தில் சிரிப்பு நின்றது. அவன் அவள் கண்களுக்குள் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். உள்ளே, கிணற்றின் அடியில், பெரிசாத் தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் கொண்டு அவனை நோக்கி எழும்பினாள். இங்கே. இங்கே இருக்கேங்க. அவனுடைய உதடு லேசாகத் திறந்தது.

"டாக்டர்தான் சொன்னாங்களே தம்பி, கொஞ்ச நாளைக்கு இப்படி ஏதாவது வரும்னு" என்றாள் சாதாத்.

"ஆமா" என்றான் அவன். போர்வையை இழுத்து அவள் காலை மூடினான். அதற்குப் பிறகு அவள் கண்களுக்குள் அவன் பார்க்கவே இல்லை.

சோதனை முடிவு வந்தது. கொடிய ரகம் இல்லை, ஆனால் விட்டால் வளரும் ரகம். டாக்டர் பாக் புதிய ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டார். வாதுமைக் கொட்டை இருந்த இடத்தில் கருப்பாக ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில், ஒரு ரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டு, மொச்சைக் கொட்டை அளவில் வெள்ளையாக ஒரு துணுக்கு.

"இதை மட்டும் எடுக்க முடியல. கதிர் வச்சு எரிச்சிடலாம். கூடவே மாத்திரை."

தான் எங்கே இருக்கிறோம் என்பது பெரிசாத்துக்கு அந்த வெள்ளைத் துணுக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"எப்ப ஆரம்பிக்கலாம் டாக்டர்?" என்று கேட்டது அவள் வாய். "சீக்கிரம்னா நல்லது."

கதிர் அறையில் படுக்கை மட்டும் இருந்தது, அதைச் சுற்றி வரும் ஒரு பெரிய கை இருந்தது. தலை ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. அதற்காக ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் போட்டு எடுத்து, சொட்டச் சொட்ட, இளஞ்சூடாக, முகத்தின் மேல் வைத்து அழுத்தினார்கள். நெற்றி, கண், மூக்கு, கன்னம் என்று வலை முகத்தைப் பிடித்துக்கொண்டது.

"சிரிக்காதீங்கம்மா" என்றான் அச்செடுத்த பையன். "அப்படியே எறுகிடும்."

முகம் அதைக் கேட்கவில்லை. சூடு ஆறியது. வலை எலும்பாக இறுகியது. விளிம்புகளைப் படுக்கையோடு சேர்த்துத் திருகினார்கள், ஒரு பக்கம், மறுபக்கம். எல்லோரும் வெளியே போனார்கள். கனத்த கதவு சாத்திக்கொண்டது.

பெரிய கை மெல்லச் சுழன்று வந்து, அந்தப் புன்னகைக்கு மேலே ஒரு முறை தயங்கி, இடது பொட்டுக்கு நேராக நின்றது.